எலெக்ட்ரிக் ஸ்லைட்: முதல் திருப்பம் தாண்டினால் வரிசை கலைவது ஏன்?

கேள்வி (மணவறை_24):
வாற மாதம் ஸ்கார்பரோவில் கல்யாண ரிசெப்ஷன். 24 பேர் சேர்ந்து எலெக்ட்ரிக் ஸ்லைட் (வரிசையாக நின்று எல்லாரும் ஒரே அடிகளைப் போடுற ஆட்டம்) ஆடப்போகினம், பாதிப் பேர் சேலையில். ஒத்திகையில் முதல் திருப்பம் வரைக்கும் சரி, பிறகு ஆளுக்கொரு கால், ஆளுக்கொரு திசை. எங்கே பிசகுது? குத்துப் பாட்டுக்கும் இதையே ஆடலாமா?

நாலுசுவர்:
எல்லாரும் பழகியது ஒரே எண்ணிக்கையா? இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிக் சில்வர் அமைத்தது 22. கல்யாணங்களில் பெரும்பாலும் 18 தான். வீடியோக்களில் இரண்டும் கிடக்கிறது, கலந்தால் தொலைந்தது.

18 இப்படி:
1-4: வலது கால் வலப்பக்கம், இடது கால் அதன் பின்னால், மறுபடி வலது வலப்பக்கம், இடதால் தொடு.
5-8: அதையே இடப்பக்கம், 8-ல் வலதால் தொடு.
9-12: வலது, இடது, வலது எனப் பின்னோக்கி; இடதால் தொடு.
13-14: இடது முன்னால், வலதால் தொடு.
15-16: வலது பின்னால், இடதால் தொடு.
17-18: இடது முன்னால் வைத்து இடப்பக்கம் கால்வாசிச் சுற்று திரும்பு, வலது பாதத்தைத் தரையில் உரசி வீசு.

பிசகு பெரும்பாலும் "தொடு"வில். நுனிப்பாதம் தரையைத் தொடவேண்டும், உடம்புப் பாரம் அதில் இறங்கக்கூடாது. இறங்கிவிட்டால் அடுத்து எடுக்கவேண்டிய கால் மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க ஒரு தத்தல், ஒரு எண்ணிக்கை போச்சு. 4-ல் பாட்டை நிறுத்தித் தொட்ட காலைத் தூக்கச் சொல்லுங்கள். தள்ளாடுகிறவர்தான் ஆள்.

தாளக்காரன்:
இன்னொன்றும் உண்டு. பாட்டு எட்டு எட்டாகப் போகிறது, ஆட்டம் பதினெட்டு. ஒரு பதினெட்டு முடிந்து திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு திசையையும் "சுவர்" என்போம். அதனால் இரண்டாம் சுவர் பாட்டின் 3-ஆம் அடியிலும், மூன்றாவது 5-லும், நான்காவது 7-லும் தொடங்கும். காது கூர்மையானவர்கள்தான் இதில் முதலில் தடுமாறுவார்கள். பாட்டின் "ஒன்று" வரட்டும் என்று காத்து நிற்பார்கள். காக்க வேண்டாம். நாலு சுவருக்கு 72, அதாவது ஒன்பது எட்டு. முன்பக்கம் திரும்பும்போது தானாகவே ஒன்றில் விழும். ஒத்திகையில் பாட்டை எண்ணாமல் காலை எண்ணுங்கள்.

குத்துப் பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். பெரிய அடியில் மட்டும் கால் வைத்தால் ஆடலாம், ஆனால் பலதும் பழகாதவர்களுக்கு வேகம் அதிகம். நிமிடத்துக்கு 100-110 அடி உள்ள சதுஸ்ரப் பாட்டாக (அடி நாலாகப் பிரிவது) பாருங்கள். இந்த ஆட்டத்துக்கு வழக்கமாகப் போடும் மார்சியா கிரிஃபித்ஸின் 'எலெக்ட்ரிக் பூகி' பாட்டே போதும் என்பேன்.

நாலுசுவர்:
நிற்கிற விதம்: ஆறு பேராக நாலு வரிசை. தெரிந்தவர்களையெல்லாம் மேடைப் பக்கம் நிறுத்தாதீர்கள். திரும்பியதும் இடது ஓரம் முன்வரிசையாகும், அடுத்து கடைசி வரிசை, பிறகு வலது ஓரம். நாலு மூலையிலும் ஒவ்வொருவர் நின்றால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் முன்னே இருவர் இருப்பர். ஆளுக்கு ஒன்றரை மீட்டர் விடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் சுமார் இரண்டு காலடி தூரம் பின்வாங்கும். முதலில் மேடையிலிருந்து விலகி, அடுத்து வலப்பக்கம். அங்கே கேக் மேசை வேண்டாம்.

கொசுவம்:
சேலைக்கு 2, 6-ல் காலைப் பின்னால் போடாமல் பக்கத்தில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறாது, கொசுவம் மிதிபடாது. கம்பளத் தரையானால் 18-ல் உரசலும் வேண்டாம், முழங்காலைத் தூக்கினால் போதும். பெரியவர்களுக்கு மக்கரேனா ஆட்டம் சுலபம்: 16 எண்ணிக்கை, பாட்டோடு பொருந்தும், முதல் 12-ம் கை வேலைதான்.

மணவறை_24:
நன்றி. உடம்பு திரும்புறது 17-லா, 18-லா?

நாலுசுவர்:
17-ல் இடது பாதம் ஊன்றும்போதே விரல் நுனி புதுச் சுவரைப் பார்க்கத் தொடங்கட்டும், வலது காலின் வீச்சு மிச்சத்தைத் திருப்பிவிடும். பாதத்தை நேரே வைத்துவிட்டு இடுப்பை மட்டும் திருப்பினால் முழங்கால் பிடிக்கும்.