1730 வாக்கில் டெல்டா கிராமத்து மிஷன் பள்ளி: நாடகத்துக்கு விவரம் வேண்டும்

நாடகக்கொட்டகை:
வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு முக்கால் மணி நேர நாடகம் எழுதுகிறோம். காலம் 1730-35. களம், தரங்கம்பாடிக்கு மேற்கே ஒரு நாள் நடை தூரத்தில் ஒரு சிற்றூர். வெள்ளைக்கார மிஷனரி ஒருவர் கீற்றுக்கொட்டகை போட்டுக் கரும்பலகையில் பாடம் நடத்துகிறார். அவர் எங்கே தங்கியிருப்பார், பிள்ளைகள் எதில் எழுதினார்கள், சாப்பாட்டுக்கு என்ன வழி, அவருக்குப் பெரிய கஷ்டம் எது? பாம்பும் காய்ச்சலும் ஏற்கெனவே எழுதிவிட்டோம். வேறு இருந்தால் சொல்லுங்கள்.

அலைவாய்க்கரை:
முதல் சிக்கல் உங்கள் கதாநாயகர்தான். அந்த ஊரில் அந்த வருடத்தில் அவர் குடியிருக்க முடியாது.

டேனிஷ்காரர்களுக்கு இருந்தது தரங்கம்பாடிக் கோட்டையும் பொறையாறு, தில்லையாடி, ஒழுகைமங்கலம் மாதிரி சுற்றூர்கள் கொஞ்சமும்தான். அதைத் தாண்டினால் தஞ்சை மராட்டிய அரசரின் சீமை. அங்கே வெள்ளைக்கார மிஷனரி நினைத்தபடி போய் உட்கார வழியில்லை. 1709இல், தரங்கம்பாடிக்கு முதலில் வந்த புராட்டஸ்டண்ட் மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்கு தஞ்சைக்குக் கிளம்பிப் பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. பின்னாளில் வந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் தஞ்சையில் நிலைகொண்டது 1778இல். உங்கள் கதைக்கு அது நாற்பது வருடத்துக்கு மேல் பிந்தியது.

அப்படியானால் உள்ளூரில் பாடம் சொன்னது யார்? தமிழ் உபதேசியார்களும் (மிஷனுக்காக வேதம் சொல்லிக்கொடுத்த உள்ளூர்க்காரர்கள்) உபாத்தியாயர்களும்தான். 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபையின் முதல் தமிழ்ப் போதகர் அவர், மாயவரம் பக்கம் அவர் பொறுப்பில் இருந்தது. நாடகத்துக்கு இதைவிட நல்ல வருடம் கிடைக்காது. மேடையில் மையமாக ஓர் உபதேசியாரை வையுங்கள். வெள்ளைக்காரர் தரங்கம்பாடியில் இருந்துகொண்டு கணக்கும் கடிதமும் கேட்கிறவர், அவ்வளவுதான்.

அவருடைய கஷ்டமும் பாம்பில்லை, தூரம். சீகன்பால்கும் உடன் வந்த மிஷனரி புளூட்சோவும் 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பலேறி 1706 ஜூலை 9 அன்று வந்து சேர்ந்தார்கள். ஏழு மாதத்துக்கு மேல். ஆக, காகிதமோ பணமோ கேட்டு எழுதினால் பதில் வர ஒன்றேகால் வருடமாவது ஆகும், பருவக்காற்று தவறினால் இன்னும் தள்ளிப்போகும். தரங்கம்பாடியில் அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், சாமான் எல்லாம் படகில் அலை கடந்து வர வேண்டும். 1708இல் வந்த மிஷன் பணம் கரை சேரும் முன்பே கடலில் போயிற்று. அதே வருடம் நவம்பரில் கோட்டைத் தளபதி சீகன்பால்குவை நான்கு மாதம் சிறையில் வைத்தார். டென்மார்க் ராஜா அனுப்பியவரை, அதே ராஜாவின் தளபதி! இந்த இரண்டையும் போட்டாலே ஒரு காட்சி நிற்கும். 1719இல் சீகன்பால்கு இறந்தபோது வயது 36.

ஏட்டுப்பூச்சி:
கரும்பலகையை முதலில் தூக்கிவிடுங்கள். மணலும் ஓலையும்தான்.

புதிதாக வந்த பிள்ளை தரையில் பரப்பிய ஆற்று மணலில் விரலால் எழுதும். மணல் சலித்ததாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். விரல் கனம் பரப்பினால் போதும். கூடினால் எழுத்தின் ஓரம் சரிந்து மூடிக்கொள்ளும், குறைந்தால் தரை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மணல் ஈரம் குடித்து விரலோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது பாடம் பெரும்பாலும் வாய்ப்பாடமாகத்தான் நடக்கும். உபாத்தியாயர் எழுத்தின் பெயரைச் சொல்ல, பிள்ளை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். மேடையில் இந்தச் சத்தம் கட்டாயம் வேண்டும், திண்ணைப் பள்ளி அமைதியாக இருந்ததே கிடையாது. சீகன்பால்குவும் ஒரு திண்ணை வாத்தியாரையும் அவருடைய பிள்ளைகளையும் தம் வீட்டுக்கு வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார்.

மணலில் கை படிந்த பிறகுதான் ஓலை. ஓலை தயாரிப்பது இப்படி: முற்றாத ஓலையை எடுத்து ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, தண்ணீரில் வேகவைத்து (மஞ்சள் சேர்ப்பதுண்டு), மறுபடி உலர்த்தி, சங்கு அல்லது வழுவழுப்பான கல்லால் தேய்த்து, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கோப்பார்கள். பனையோலை மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம்தான் வரும். தாளிப்பனை அதைவிட அகலம், ஆனால் மெல்லியது. வேகவைக்காத ஓலையில் எழுதினால் காய்ந்ததும் சுருண்டு வெடிக்கும். பழகுகிற பிள்ளைக்கு அது போதும், புத்தகத்துக்கு உதவாது.

நடிகர்களுக்கு ஒரு குறிப்பு. ஓலையை மேசையில் வைத்து எழுதமாட்டார்கள். இடது கையில் பிடித்து, எழுத்தாணியை இடது கட்டைவிரல் நகத்தில் அண்டக்கொடுத்து எழுதுவார்கள். எழுத்தாணி அதே இடத்தில் நிற்கும், ஓலைதான் இடப்பக்கம் நகரும். அழுத்தினால் ஓலை கிழியும், அதனால்தான் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுதி முடித்த வரி வெறும் கீறல், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியோ வசம்புக் கரியோ எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நிற்கும். கோவையிலைச் சாறும் தடவுவார்கள்.

பிள்ளை பார்த்து எழுத உபாத்தியாயர் எழுதிக் கொடுக்கும் மாதிரி ஓலை மேல்வரிச் சட்டம். எண்சுவடி (கணக்கு வாய்பாட்டு ஏடு) சொல்லும் வாத்தியார் இல்லாமல் பள்ளியைக் காட்டாதீர்கள். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) என்று கீழ்வாய் இலக்கம், அதாவது பின்னங்கள், ஒப்பிக்கிற இடத்தில்தான் பெற்றோருக்குப் பள்ளி மேல் மதிப்பு. நெல் அளக்கவும் நிலம் கணக்குப் போடவும் தெரிந்தால்தானே பிழைப்பு? வேதப்பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்த பள்ளியில் பிள்ளை தங்காது.

வாசகி_செம்பனார்கோயில்:
அச்சுப் புத்தகம் இருந்ததே, தரங்கம்பாடி அச்சகம் 1713இலேயே ஓடியதல்லவா? ஓலை எதற்கு?

ஏட்டுப்பூச்சி:
ஓடியது. ஆனால் காகிதம் கப்பலில் வர வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த முதல் தமிழ் அச்செழுத்து மிகப் பெரியது, பக்கத்தை விழுங்கியது. அதனால் சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி. பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையும் போட்டார்கள், கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதன் மிச்சம். பட்டறை நீண்ட நாள் தாங்கவில்லை. ஆக, உள்ளூர்ப் பள்ளியில் உபாத்தியாயர் கையில் ஒரு அச்சுப் பிரதி, பிள்ளைகள் கையில் ஓலை என்று வைத்தால் தப்பில்லை.

வரப்போரம்:
யாரும் தொடாத விஷயம்: ஆள்வரத்து. மேட்டூர் அணை 1934இல்தான் வந்தது. அதற்கு முன் காவேரியில் தண்ணீர் வருகிற நாளை வைத்துத்தான் ஊரே நகரும். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் உழவு, நாற்றங்கால், நடவு. அந்த நாட்களில் எட்டு வயதுப் பையன் மாடு மேய்ப்பான், பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ளும், அம்மா நடவில் நிற்பாள். தை அறுவடையில் மறுபடி காலி. நடுவில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை. களிமண் வரப்பு வழுக்கும், வாய்க்கால் உடைந்தால் அடுத்த தெருவுக்கே போக முடியாது. உபதேசியார் ஒரு வருடத்தில் பிள்ளைகளை முழுசாகப் பார்ப்பது மாசி முதல் வைகாசி வரைதான். அதுவும் வெயில் காலம் என்பதால் பாடம் விடியலில் தொடங்கும். இன்னொரு இழுபறி லீவு. ஊர்த் திண்ணைப் பள்ளி உவா (அமாவாசை, பௌர்ணமி) நாட்களில் மூடும், மிஷன் பள்ளி ஞாயிறு மூடும். இரண்டுக்கும் போகிற பிள்ளை இரண்டு லீவும் எடுத்துக்கொள்ளும்!

இதற்கு மிஷன் கண்ட வழி சோறு போடுவது. தரங்கம்பாடி தருமப்பள்ளிகளில் பிள்ளைகளை உடன் வைத்துச் சாப்பாடும் துணியும் கொடுத்தார்கள். அதனால்தான் செலவு கட்டுக்கு அடங்கவில்லை. வசனத்தில் கணக்கு பேசினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு கலம், அதாவது பன்னிரண்டு மரக்கால் நெல் வந்தது என்றால் பன்னிரண்டு மரக்கால் அரிசி இல்லை. உமி போக அளவில் ஏறக்குறைய பாதிதான் தேறும். குத்துகிற கூலியும் அதிலேயே போகும். நெல் விலை ஏறிய வருடம் பள்ளியில் சேர வருகிற பிள்ளைகள் கூடும், போடச் சோறு குறையும். உபாத்தியாயரின் நிஜக் கவலை அதுதான்.

நாடகக்கொட்டகை:
மிக்க நன்றி. கதையையே மாற்றுகிறோம், உபதேசியார்தான் நாயகர். ஒரு சந்தேகம்: பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பதாகக் கடைசிக் காட்சி. வைக்கலாமா?

அலைவாய்க்கரை:
வைக்காதீர்கள், பொய்யாகிவிடும். தரங்கம்பாடி மிஷன் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்துத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ராஜநாயக்கன் கதையைப் பாருங்கள். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர், பிறகு உபதேசியார். அத்தனை உழைத்தும் 1741இல் குருப்பட்டம் அவருக்கு வரவில்லை, தியோகு என்ற இன்னொரு உபதேசியாருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். மற்றவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகளே பின்வாங்கினார்கள். உங்கள் உபதேசியாருக்குப் பெரிய கஷ்டம் வேண்டுமென்றால் இது இருக்கிறது. திண்ணையில் ஒரு வரிசை, வாசல் மணலில் ஒரு வரிசை, நடுவில் நிற்கிற ஆள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாடம் சொல்கிறார் என்று வையுங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம்.

வரப்போரம்:
சாமான் பட்டியல் போடும்போது: மண்ணெண்ணெய் விளக்கு, தீப்பெட்டி, தேநீர், தக்காளி எதுவும் கூடாது. ஆமணக்கெண்ணெய் அகல், அடுப்பில் மூடி வைத்த கங்கு, பழையது, மோர். மிளகாய் இருக்கலாம். மழைக்குத் தாழங்குடை. ஓலைக்கட்டைத் தரையில் வைக்காமல் உத்திரத்தில் தொங்கவிடுங்கள், கரையான் ஏறும் ஊர்.