தீமிதியை விளக்க ஒரு கலைச்சொல்: ‘தெர்மல் எஃபூசிவிட்டி’க்குத் தமிழில் என்ன?

ரோஸ்ஹில்லிலிருந்து

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். காவடி, தீமிதி நாட்கள் நெருங்கினாலே மொரீசியஸ் பள்ளிகளில் பிள்ளைகள் கேட்பது இதைத்தான்: பூக்குழி இறங்குபவருக்குக் கால் வேகாமல் இருப்பது அமானுஷ்ய சக்தியா, அறிவியலா? இதற்குத் தமிழில் ஒரு விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்தால் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறோம். கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றுக்கும் நம் பட்டியலில் சொல் உண்டு. மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது ‘எஃபூசிவிட்டி’. அதற்குத்தான் சொல் இல்லை.

இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது, தொடும் இடத்தின் வெப்பநிலை எந்தப் பக்கம் சாயும் என்பதை இந்த அளவுதான் முடிவு செய்கிறது. எந்தப் பொருளுக்கு இந்த அளவு அதிகமோ அதன் பக்கம் சாயும். எஸ்.ஐ. அலகில் மரக்கரிக்குச் சுமார் 130, தோலுக்குச் சுமார் 1200, துருப்பிடிக்காத எஃகுக்குச் சுமார் 7700.

1935இல் இங்கிலாந்தின் கார்ஷால்ட்டனில் அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராய்ந்த ஹாரி பிரைஸ் குழுவினர் குதா பக்ஸ் என்ற காஷ்மீரியரைக் கனல்மேல் நடக்கவைத்துச் சோதித்தார்கள். அன்று கனலின் மேற்பரப்பு 430 டிகிரி செல்சியஸ். பாதத்தை 33 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், தொடும் இடத்தில் சுமார் 72 டிகிரிதான் வருகிறது. அதே 430 டிகிரியில் எஃகுத் தகடு இருந்தால் சுமார் 376. எஃகை 200 டிகிரிக்கு இறக்கினாலும் 177 வரை போகும். கனலில் நடப்பவர் யாரானாலும் அந்தத் தகட்டில் ஓர் அடி வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

‘வெப்ப ஈதிறன்’ என்று முன்மொழிகிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

டர்பனிலிருந்து

ஐயா, கணக்கு சரி. சொல்தான் இடிக்கிறது. ‘ஈதல்’ ஒருவழிப் பாதை. இந்த அளவோ கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பொது. ஒரே அறையில் கிடக்கும் கிரானைட் தரை காலுக்குச் சில்லென்று இருக்கிறது, பக்கத்தில் மரப்பலகை அப்படி இல்லை. அங்கே கிரானைட் நம் சூட்டை வாங்குகிறது, கொடுக்கவில்லை. ‘ஈவு’ என்று சுருக்கவும் முடியாது, கணக்கில் அது வகுத்தல் விடை. ‘உமிழ்திறன்’ கதிர்வீச்சுக்குப் போய்விட்டது. ‘வெப்பப் பரிமாற்றத்திறன்’ என்றால் பரிமாற்றக் கெழுவோடு குழம்பும்.

இன்னொன்று. 72 டிகிரி என்பதும் பாதுகாப்பான சூடு அல்ல. தோல் 70 டிகிரியில் ஒரு வினாடி இருந்தாலே வெந்துவிடும். அதனால் ‘எஃபூசிவிட்டி குறைவு, ஆகவே சுடாது’ என்று குறிப்பை முடித்தால் பாதிதான் சொன்னதாகும். மற்றப் பாதி நேரம். ஓர் அடி கனலில் பதிந்திருப்பது ஏறக்குறைய அரை வினாடி. உள்ளங்காலின் தடித்த மேல்தோலைத் தாண்டி உயிருள்ள அடுக்குக்குச் சூடு போய்ச்சேர ஏறக்குறைய ஒரு வினாடி பிடிக்கும். அதற்குள் கால் மேலே வந்துவிடுகிறது. மேலே படிந்த சாம்பலும் தடுக்கிறது, கரித்துண்டுகளின் முனைகள் மட்டுமே பாதத்தில் படுகின்றன.

‘லைடன்ஃபிராஸ்ட் விளைவு’ என்று எழுதிவிடாதீர்கள். 1756இல் லைடன்ஃபிராஸ்ட் எழுதியது, காய்ந்த தட்டில் நீர்த்துளி தன் ஆவிமேல் மிதப்பதைப் பற்றி. அறுபது எழுபது கிலோ ஆள் மிதித்தால் அந்த ஆவிப்படலம் அழுந்திப் போகும். உலர்ந்த காலோடு நடப்பவர்களும் சுடாமல்தான் வருகிறார்கள். ஈரக்காலில் சிறு கங்குகள் ஒட்டிக்கொள்வது வேறு ஆபத்து. விரலிடுக்கில் ஒன்று மாட்டினால் தொடும் நேரம் அரை வினாடியாக இருக்காது, உதிரும் வரை நீளும். அங்கே தோலும் மெல்லியது.

சேன் பியேர், ரியூனியன்

நான் ஒன்று கேட்கிறேன். அருள் வந்த நிலையில் வலி தெரியாமல் நடக்கிறார்களே, அந்த மனநிலைக்கு இதில் இடமே இல்லையா?

ரோஸ்ஹில்லிலிருந்து

இருக்கிறது அம்மா, ஆனால் வேறு இடத்தில். வலி மூளையில் உணரப்படுவது. பக்தி, பறையோசை, கூட்டம், விரதம் எல்லாம் சேர்ந்து அதை மங்கவைக்க முடியும். சூட்டுக்காயம் அப்படியல்ல, தோலின் புரதம் சூட்டில் உருக்குலைவது. முட்டையின் வெள்ளைக்கரு வேகாமல் இருக்க எந்த மனஉறுதியும் உதவாது, தோலும் அப்படித்தான். ஆகவே ‘வலிக்கவில்லை’ என்பதையும் ‘வேகவில்லை’ என்பதையும் குறிப்பில் தனித்தனிப் பத்தியாக எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால்தான் ‘சக்தி காத்தது’ என்ற முடிவு பிறக்கிறது. இறங்குபவரின் பக்தியைப் பற்றி இயற்பியல் எதுவும் சொல்வதில்லை. அவர் எதற்காக இறங்குகிறார் என்பது அவருக்கும் அம்மனுக்கும் இடையில் உள்ளது.

குழி தயாரிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பயன்படும். விறகு முழுக்க எரிந்து தழல் அடங்கிய பின்பே கனலைப் பரப்ப வேண்டும். பரப்பை மட்டமாக வாரிவிட வேண்டும். மேடு பள்ளமாகவோ ஆழமாகவோ இருந்தால் கால் புதைந்து புறங்காலில் கங்கு படும். ஓடினாலும் இதேதான், முன்பாதம் கனலுக்குள் குத்தி இறங்கும். பழைய பலகை, பெட்டிக்கட்டை போடுவதானால் ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும். கனலுக்குள் கிடக்கும் ஒரே ஓர் ஆணிக்கு மேலே சொன்ன எஃகுக் கணக்குதான். தட்டைக் கல்லும் கரியைவிட அதிகம் சுடும். மொரீசியஸில் நீரிழிவு மிக அதிகம் என்பதையும் எழுதியாக வேண்டும். நரம்பு கெட்ட பாதத்தில் சுட்டாலும் தெரியாது, புண்ணும் ஆறாது. நீரிழிவு உள்ளவர் இறங்குமுன் பாதத்தை மருத்துவரிடம் காட்டட்டும். அருளைப் பற்றிப் பேசும் எவரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சொல்லுக்கு வருகிறேன். டர்பன் ஐயா சொன்னபடி ‘ஈதிறன்’ போகட்டும். ‘தொடுவெப்பத்திறன்’ எப்படி?

டர்பனிலிருந்து

பிடித்திருக்கிறது. தொடுதிரை, தொடுகோடு, தொடுவானம் என்று பழகிய வினைத்தொகை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். தொடும் இடத்தில் நிலவும் வெப்பநிலையை ‘தொடுவெப்பநிலை’ என்று சொல்லிவிடலாம். ‘கரியின் தொடுவெப்பத்திறன் குறைவு, அதனால் தொடுவெப்பநிலை தோலின் பக்கம் சாய்கிறது’ என்று ஒரே வரியில் எழுத வருகிறது. ஆனால் ‘தொடுதிறன்’ என்று சுருக்காதீர்கள், அது தொட்டுணரும் ஆற்றல் ஆகிவிடும்.

சேன் பியேர், ரியூனியன்

எனக்கும் சம்மதம். விரவுதிறனோடு குழப்பம் வராதபடி வரையறையில் ஒரு வரி சேருங்கள். விரவுதிறன் என்பது ஒரு பொருளுக்குள் சூடு எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பது, கடத்துதிறனை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்தால் வருவது. தொடுவெப்பத்திறன் இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்துக்கு உரியது, மூன்றையும் பெருக்கி மூலம் எடுப்பது. பாதத்தோல் கணக்கில் இரண்டும் வருகின்றன: 72 டிகிரி வந்தது தொடுவெப்பத்திறனால், ஒரு வினாடி வந்தது விரவுதிறனால்.

ரோஸ்ஹில்லிலிருந்து

சேர்த்துவிட்டேன். பட்டியலில் ‘தொடுவெப்பத்திறன்’, ‘தொடுவெப்பநிலை’ இரண்டும் அடுத்தடுத்து வரும். அலகு: வாட், பெருக்கல் வினாடியின் வர்க்கமூலம், வகுத்தல் சதுர மீட்டர் கெல்வின். கரி, தோல், எஃகு மூன்றின் மதிப்புகளையும் எடுத்துக்காட்டாக வைக்கிறேன். கரியின் மதிப்பு மரவகைக்கும் துளைகளுக்கும் ஏற்ப மாறும் என்பதால் அங்கே ‘சுமார்’ கட்டாயம் இருக்கும்.