கிரேக்க சிக்கன் சாலட்: மதியத்துக்குள் தண்ணீர் விடுகிறது, கறி சக்கையாகிறது. எங்கே தப்பு?

வெள்ளரிப்பிஞ்சு:
காலை 7 மணிக்குக் கலந்து டப்பாவில் அடைக்கிறேன். 1 மணிக்குத் திறந்தால் அடியில் அரை டம்ளர் தண்ணீர், அதுவும் பால் கலந்தது போல வெள்ளையாக. கறி வெளியே மாவு மாதிரி, உள்ளே நார் நாராக. உப்பு வேறு தூக்கல்.

இரண்டு பேருக்கான அளவு: எலும்பில்லாத நெஞ்சுக்கறி 300 கிராம், தக்காளி 2, வெள்ளரி 1, பெரிய வெங்காயம் பாதி, பச்சைக் குடைமிளகாய் பாதி, கலமாட்டா ஆலிவ் 12, உதிர்த்து விற்கும் ஃபெட்டா (கிரேக்கப் பாலாடைக்கட்டி) 100 கிராம். கறியை முதல் நாள் இரவே இரண்டு எலுமிச்சையின் சாறு, பூண்டு, ஒரிகானோவில் ஊறவைக்கிறேன். காலையில் தவாவில் பக்கத்துக்கு 8 நிமிடம் வேகவைத்து, சூட்டோடு நறுக்கிப் போடுகிறேன். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, அரை டீஸ்பூன் உப்பு சேர்த்துப் பிரட்டி மூடிவிடுவேன்.

உப்புக்கல்:
முதல் தப்பு, கலக்கும் நேரம். உப்பு பட்ட வெள்ளரியும் தக்காளியும் பத்து நிமிடத்திலேயே நீர் விட ஆரம்பிக்கும். நீங்கள் ஆறு மணி நேரம் கொடுக்கிறீர்கள். போதாததற்குச் சூடான கறி. அதன் ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும்.

வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டு, ஒரு விரல் கனத்துக்கு நறுக்குங்கள். 200 கிராமுக்குக் கால் டீஸ்பூன் உப்பு தூவி, வடிதட்டில் 20 நிமிடம் வைத்து, சுத்தமான துணியில் ஒற்றி எடுங்கள். தக்காளியில் விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். அந்தக் கொழகொழப்பை வீசிவிடாதீர்கள், புளிப்பும் ருசியும் அதில்தான் அதிகம். வடிகட்டி ஒரு ஸ்பூன் டிரெஸ்ஸிங்கில் (சாலட்டில் ஊற்றும் எண்ணெய்-புளிப்புக் கலவை) விடலாம்.

இன்னொன்று. கிரேக்கத்தில் 'ஹோரியாதிக்கி' என்கிற கிராமத்துச் சாலட்டில் இந்தத் தண்ணீர் ஒரு குறையே இல்லை. தட்டில் தேங்கும் தக்காளிச் சாறையும் எண்ணெயையும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவார்கள். அதற்கு 'பபாரா' என்று பெயரே உண்டு. ஆனால் அது கலந்த கையோடு சாப்பிடுவது. அதில் கோழியும் கிடையாது, லெட்டூஸும் கிடையாது. டப்பாவில் அடைக்கும்போது அந்த முறையை அப்படியே எடுக்க முடியாது.

தவாச்சூடு:
கறிக்கு வருகிறேன். வெளியே மாவாவது எலுமிச்சையால், உள்ளே நாராவது அடுப்பால். இரண்டும் தனித்தனிக் கோளாறு.

புளிப்பு கறியின் மேல்புறப் புரதத்தை அடுப்பில் வைக்காமலே வேகவைத்தது போல ஆக்கிவிடும். ஊறவைத்த கறி வெளியே வெள்ளையாக மாறியிருந்தால் அதுதான் அடையாளம். எலுமிச்சையில் அரை மணி போதும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. இரவு முழுக்க ஊறவைக்க வேண்டியது உப்பில்தான். 300 கிராமுக்கு அரை டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம் உப்பை எல்லாப் பக்கமும் தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதலில் நீர் விடும், பிறகு அதையே உப்போடு உள்ளே இழுத்துக்கொள்ளும். வெந்த பிறகும் ஈரம் நிற்கும்.

அடுத்து கனம். நெஞ்சுக்கறி ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்திருக்கும். தடித்த பக்கம் வேகும்போது மெல்லிய பக்கம் சக்கையாகிவிடும். புத்தகம் போல் பிளந்தோ, உருட்டுக்கட்டையால் தட்டியோ ஒரே சீராக 2 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, நன்றாகச் சூடான தவாவில் முதல் பக்கம் 4 நிமிடம், மறுபக்கம் 3 முதல் 4 நிமிடம். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வரவேண்டும். 72-இல் இறக்கினால் மீதி இரண்டை உள்சூடே ஏற்றிவிடும். தட்டில் வைத்தபின் ஒரு முறை அளந்து உறுதிசெய்யுங்கள். வெப்பமானி இல்லையா? தடித்த இடத்தில் கீறிப் பார்த்து, இளஞ்சிவப்பு இல்லாமல் சாறு தெளிவாக வந்தால் இறக்குங்கள். 8 நிமிடம் தொடாதீர்கள். நறுக்குவது நாருக்குக் குறுக்கே.

இந்த வேலையை இரவே முடித்து, முழுத் துண்டாகக் குளிரவைத்து, காலையில் நறுக்கினால் ஆவிப் பிரச்சினையும் இருக்காது. டப்பா ஃப்ரிட்ஜுக்குப் போகாது என்றால் ஐஸ் பேக் கட்டாயம். சமைத்த கறி வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணிதான். 7-லிருந்து 1 வரை வெறும் பையில் வைப்பது ருசியைப் பற்றிய கேள்வியே அல்ல.

பாலாடை:
வெள்ளைத் தண்ணீருக்குக் காரணம் உதிர்த்த ஃபெட்டா. புளிப்பும் நீரும் பட்டு அந்தத் தூள் கரைகிறது. உப்புநீரில் மிதக்கும் கட்டியாக வாங்குங்கள். சாப்பிடும்போது மேலே வைத்து, முள்கரண்டியால் உடைத்துக்கொள்ளலாம். கிரேக்கர்களும் கட்டியாகத்தான் வைப்பார்கள்.

லேபிளைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத் தயாரிப்புக்கு மட்டும்தான். குறைந்தது 70% செம்மறிப் பால், மீதி வெள்ளாட்டுப் பால். மற்ற நாடுகளில் பசும்பாலில் செய்ததும் அதே பெயரில் வரும். அதில் சில மிருதுவாக இருக்கும், சீக்கிரம் கரையும்.

உப்புக் கணக்கு: 100 கிராம் ஃபெட்டாவில் 2 முதல் 3 கிராம் உப்பு இருக்கிறது, ஆலிவிலும் உண்டு. எனவே டிரெஸ்ஸிங்கில் உப்பே வேண்டாம். ஃபெட்டா ரொம்பக் கரித்தால் 10 நிமிடம் வெறும் தண்ணீரில் போட்டு எடுங்கள். உப்புக்கல் சொன்ன வெள்ளரியையும் ஒரு முறை அலசித் துடைத்துவிடலாம் என்பது என் கருத்து.

ஃபெட்டாவுக்குப் பதில் பனீர் போடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்: பனீரில் உப்பும் இல்லை, ஃபெட்டாவின் புளித்த வாசமும் இல்லை. வாய்க்குத் தட்டுப்படும், அவ்வளவுதான்.

உப்புக்கல்:
சரி, ஃபெட்டா இருந்தால் வெள்ளரியை அலசிவிடுங்கள். அடுக்கும் வரிசை: அடியில் குடைமிளகாய், வெங்காயம், ஆலிவ்; அதன்மேல் கறி; பிறகு வெள்ளரி, கடைசியில் தக்காளி. டிரெஸ்ஸிங் தனிக் குப்பியில்: ஆலிவ் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், சிவப்பு வைன் வினிகர் அல்லது எலுமிச்சை 1 டேபிள்ஸ்பூன், உள்ளங்கையில் கசக்கிய காய்ந்த ஒரிகானோ அரை டீஸ்பூன், துருவிய பூண்டு அரைப் பல்.

வெள்ளரிப்பிஞ்சு:
செய்து பார்த்தாச்சு. தண்ணீர் இரண்டு ஸ்பூன்தான், கறி மெத்தென்று இருக்கிறது. ஆனால் டப்பா முழுக்க வெங்காய நெடி. டிரெஸ்ஸிங் ஃப்ரிட்ஜில் நெய் மாதிரி உறைந்துவிட்டது. எண்ணெய் கலப்படமா?

பாலாடை:
உறைவதை வைத்துச் சுத்தமா கலப்படமா என்று சொல்ல முடியாது. ஆலிவ் எண்ணெயிலுள்ள மெழுகும் நிறைவுற்ற கொழுப்பும் குளிரில் கட்டிப்படும். சாப்பிட 20 நிமிடம் முன்பு குப்பியை வெளியே எடுத்துவைத்து, குலுக்கி ஊற்றுங்கள்.

வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, பிழிந்து எடுங்கள். நறுக்கும்போது உண்டாகும் கந்தக நெடி பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். பிறகு ஒரு டீஸ்பூன் வினிகரில் பிரட்டி டப்பாவின் அடியில் வையுங்கள், மதியத்துக்குள் இளஞ்சிவப்பாக ஊறியிருக்கும்.