உல்லன் பாம்பாம் இழுத்தால் உதிர்கிறது, எங்கே தவறு?

தூங்காத அப்பா:

மகளுக்கு ஏழு வயது. அவள் அறைச் சுவரில் மாட்ட ஒரு பாம்பாம் தோரணம், அதாவது புசுபுசு உல்லன் பந்துகளைக் கோத்த தோரணம், வேண்டுமாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது என்ன பெரிய வேலை, நானே செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். மொத்தம் 12 வேண்டும். இதுவரை 5 முடித்தேன். அவள் வாங்கி இழுத்துப் பார்த்ததும் மூன்று பொலபொலவென்று கொட்டிவிட்டன.

நான் செய்வது இதுதான்: நடுத்தரப் பருமனுள்ள அக்ரிலிக் உல்லனை நான்கு விரலில் 60 சுற்று சுற்றுகிறேன். கழற்றி, அதே உல்லனால் நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் வெட்டுகிறேன். உதிராமல் தப்பிய இரண்டும் உருண்டையாக இல்லை. ஒன்று முட்டை. இன்னொன்று காலையில் எழுந்ததும் என் தலை எப்படி இருக்குமோ அப்படி. எங்கே சொதப்புகிறேன்?

பச்சைக்கண்டு:

பிளாஸ்டிக்கில் பாம்பாம் கருவி கிடைக்கிறது. வாங்கிவிடுங்கள், தலைவலி விட்டது.

மிச்சநூல்:

தம்பி, கருவி இப்போதைக்கு வேண்டாம். சுற்றுவதற்குத்தான் அது வசதி. கட்டு தளர்வாக இருந்தால் கருவியில் செய்த பந்தும் உதிரும். என் வீட்டில் மிச்சம் விழுகிற உல்லன் எல்லாம் கடைசியில் பாம்பாம்தான் ஆகும், அதனால் கெடுத்த அனுபவமும் எனக்கு நிறைய.

முதல் தவறு, கட்டிய நூல். உல்லன் இழுத்தால் நீளும். நீங்கள் இறுக்கியதாக நினைப்பீர்கள், நூல்தான் நீண்டிருக்கும், கை எடுத்ததும் சுருங்கித் தளர்ந்துவிடும். இன்னும் பலமாக இழுத்தால் அறுந்துவிடும். கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிற பருத்தி நூலை இரட்டையாக எடுங்கள். அது இல்லையென்றால் பல் இடுக்கில் விடுகிற டென்டல் ஃபிளாஸ், மெழுகு பூசியது. தையல் நூல் மட்டும் வேண்டாம். ஒரு முறை முயன்று, நூல் அறுவதற்கு முன் என் விரல் அறுந்தது.

இரண்டாவது, முடிச்சு. சாதாரண முடிச்சில் முதல் மடிப்பைப் போட்டு இரண்டாவதற்குக் கையை எடுக்கிற அந்த நொடியில்தான் எல்லாம் தளர்கிறது. அதனால் முதல் மடிப்பில் நூலை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை முறுக்கிவிட்டு இறுக்குங்கள். அந்த உராய்வே பிடித்துக்கொள்ளும். பிறகு இரு முனைகளையும் பந்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் அங்கே இன்னொரு முடிச்சு. முனைகளை நீளமாக விடுங்கள், வெட்டாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

விரலில் சுற்றுவதை எனக்குப் பிடிக்காது. பலருக்கு நன்றாக வருகிறது, சரி. ஆனால் விரலிலிருந்து கழற்றும்போதே சுற்று குலைகிறது, ஒரு கை சிக்கியிருக்கும்போது எவ்வளவுதான் இறுக்க முடியும்? பழைய அட்டைப்பெட்டியில் 8 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டம் வெட்டுங்கள், நடுவில் 3 செ.மீ. துளை. அப்புறம் ஒரு பக்கம் ஓரத்திலிருந்து துளைவரை ஒரு சிறிய வழி வெட்டிவிடுங்கள், குதிரை லாடம் மாதிரி. நூல்கண்டைத் துளைக்குள் நுழைத்து நுழைத்து எடுக்கிற தொல்லை போய்விடும், அட்டையும் கிழியாமல் திரும்பத் திரும்ப உதவும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுற்றுங்கள். மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்தால் சீக்கிரம் முடியும். எண்ணிக்கை பார்க்க வேண்டாம். துளை ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு அடைபட்டால் போதும். உங்கள் 60 மிகக் குறைவு. நெருக்கமாக இருந்தால் ஒரு இழை பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்ளும், உதிராமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

பிறகு கத்தரியின் ஒரு முனையை இரண்டு அட்டைக்கும் நடுவில் விட்டு ஓரம் முழுக்க வெட்டி, அதே இடுக்கில் கட்டு நூலை விட்டு இறுக்குங்கள். முடிச்சு விழும்வரை அட்டைகள் இழைகளைப் பிடித்திருக்கும்.

உருண்டை வராததற்குக் காரணம் உங்கள் கை அல்ல. உள்சுற்று அட்டையை ஒட்டி இருக்கும், அதனால் இழை குட்டை. வெளிச்சுற்று அதன்மேல் ஏறிப் போகிறது, அதனால் நீளம். எல்லோருடைய பந்தும் முதலில் பரட்டைதான். குட்டை இழையின் அளவுக்கு மற்றதை வெட்டி இறக்க வேண்டும். 8 செ.மீ. அட்டையில் துளை 3 போனால் கிட்டத்தட்ட 5 செ.மீ. பந்துதான் கிடைக்கும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். நீளமாக விட்ட அந்த முனைகளைப் பிடித்துத் தொங்கவிட்டு, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். கையில் அமுக்கிப் பிடித்து வெட்டினால் அமுங்கிய பக்கம் அப்புறம் எழுந்து நிற்கும், உங்கள் முட்டை அப்படித்தான் பிறந்திருக்கும்.

கத்தரி_பிரியை:

அக்கா சொன்னதோடு ஒன்று. வெட்டுவதற்கு முன் கொதிக்கிற நீரின் ஆவியில் ஒரு சாண் உயரத்தில் சில நொடி காட்டுங்கள், இழை பிரிந்து பந்து புசுபுசு என்று ஆகும். இடுக்கியில் பிடியுங்கள், ஆவி கையைச் சுடும். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி மட்டும் படக் கூடாது. நான் வைத்தேன். பளபளவென்று தொய்ந்துபோனது, எதற்கும் திரும்பவில்லை. முள்கரண்டியில் சுற்றிக் குட்டிப் பந்துகளும் செய்யலாம், பெரியவற்றுக்கு நடுவே கோத்தால் அழகு.

மீசைப்பூனை:

வீட்டில் பூனை உண்டா? வெட்டி விழுகிற நூலை உடனே கூட்டிவிடுங்கள். என் பூனை ஒரு நீள நூலை விழுங்கி, குடலில் சிக்கி, அறுவைச் சிகிச்சைவரை போனது. இப்போதெல்லாம் பெரிய பைக்குள் கையை விட்டுத்தான் வெட்டுகிறேன்.

தூங்காத அப்பா:

பூனை இல்லை, ஆனால் பை யோசனையை எடுத்துக்கொண்டேன். தரையெல்லாம் நீலப் புழுதி.

நேற்று இரவு அட்டையில் நான்கு செய்தேன். மகள் இழுத்தாள். நானும் இழுத்தேன். ஒரு இழை வரவில்லை! முதல் பந்துக்கு மட்டும் அரை மணி நேரம் வெட்டினேன், ஒரு பக்கம் சரி செய்தால் மறுபக்கம் பெரிதாகத் தெரிந்து, கடைசியில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் பயந்து நிறுத்தக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு சந்தேகம். கோக்கும்போது கட்டு நூலின் முனையில் தொங்கவிடுவதா? அப்புறம், 50 கிராம் கண்டில் நான்குதான் வந்தது. நீலம் தீர்ந்தது, வெள்ளை மிச்சம் இருக்கிறது. கலக்கலாமா?

மிச்சநூல்:

முனையில் தொங்கவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சுழன்று முறுக்கிக்கொள்ளும். நீள ஊசியில் கனமான நூல் கோத்து, நடுவில் போட்ட கட்டு நூலை ஒட்டி, பந்தின் நடுவே குத்தி எடுங்கள். நெருக்கமான பந்தாக இருந்தால் வைத்த இடத்திலேயே நிற்கும், முடிச்சுகூட வேண்டாம். நழுவினால் சுற்று போதவில்லை என்று அர்த்தம்.

தாராளமாகக் கலக்கலாம், பருமன் ஒன்றாக இருந்தால். இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் புள்ளி புள்ளியாக வரும். லாடத்தில் பாதிக்கு நீலம், பாதிக்கு வெள்ளை என்று சுற்றினால் பந்தும் பாதிப் பாதி. நீலம் தீர்ந்துவிட்டதால் உங்களுக்கு வெள்ளைதான். தோரணத்தின் இரு முனையிலும் நீலப் பந்தை வையுங்கள், நடுவில் தீர்ந்தது யாருக்கும் தெரியாது.