பழைய லென்ஸ், மிரர்லெஸ் கேமரா: தைப்பூசத்துக்கு முன் அடாப்டரை அளந்துவிடுங்கள்

(பினாங்கு நண்பர்களின் கேள்வி பதில். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் பேசுபவரின் ஊர்.)

பிரை
பினாங்கு வீதி கோவில் வீட்டிலிருந்து ரதம் கிளம்பும்போது இன்னும் விடிந்திருக்காது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக ஃபோகஸ் பிடிக்க நேரம் கிடையாது. 28 எம்எம் எம்42 (பழைய திருகு மவுன்ட்) லென்ஸைச் சோனி ஏ7ல் பூட்டி, எஃப் 8, லென்ஸின் தூர அளவுகோலில் 3 மீட்டர் என்று வைத்து எடுத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவாக விழவேண்டும். ஆனால் கிட்டத்து முகங்கள் மங்குகின்றன, பின்னால் நிற்கும் கடைப்பலகை பளிச்சென்று இருக்கிறது. லென்ஸில் கோளாறா அண்ணே?

ஜெலுத்தோங்
லென்ஸ்மேல் பழி போடாதீங்க தம்பி. லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம், அதாவது அடாப்டர், குட்டை.

எம்42 லென்ஸின் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 எம்எம். சோனி இ மவுன்டுக்கு அந்த அளவு 18. ஆக, அடாப்டர் 27.46 எம்எம் இருக்கவேண்டும். ஃபூஜி எக்ஸுக்கு 27.76, நிக்கான் இசட்டுக்கு 29.46. மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் கொஞ்சம் குட்டையாகவே வரும். நீளமாகிப் போனால் இன்ஃபினிட்டி (வெகுதூர ஃபோகஸ்) எட்டாது, வாங்கியவர் சண்டைக்கு வந்துவிடுவார். குட்டையாக இருந்தால் வளையம் இன்ஃபினிட்டியைத் தாண்டித் திரும்பும், அதை யாரும் கவனிப்பதில்லை.

28 எம்எம் லென்ஸ் 3 மீட்டருக்கு ஃபோகஸ் ஆக 0.26 எம்எம்தான் முன்னால் நகர்கிறது. அடாப்டர் 0.1 எம்எம் குறைந்தால் மிச்சம் 0.16. அளவுகோல் 3 என்று காட்டும்போது லென்ஸ் பார்ப்பது கிட்டத்தட்ட 5 மீட்டரை. எஃப் 8ல் தெளிவு 1.6 மீட்டரில் தொடங்கவேண்டியது 2 மீட்டருக்குத் தள்ளிப்போகிறது. காவடி தூக்குபவரின் முகம் சரியாக அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். இதே 0.1 பிழை 135 எம்எம் லென்ஸில் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதில் அளவுகோலை யார் பார்க்கிறார்கள்!

அடாப்டர் நீளமாக இருந்தால் கதை வேறு. 0.1 எம்எம் கூடினால் 50 எம்எம் லென்ஸ் 25 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸே ஆகாது. 24 எம்எம் ஆனால் 6 மீட்டரோடு நின்றுவிடும். அதைத் தேய்த்துச் சரிசெய்யப் போகாதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோதிக்கும் முறை: காலையில் சூ ஜெட்டி மரப்பாலத்தின் கடைசிப் பலகைக்குப் போய் ட்ரைபாடில் வையுங்கள். எதிர்க்கரை பட்டர்வொர்த் துறைமுகக் கிரேன்களை எஃப் 2.8ல், திரையை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். பலகை ஆடும், ஆள் நடமாட்டம் நிற்கும்வரை பொறுங்கள். மத்தியான வெயிலில் கடல்மேல் காற்று அலையும், எந்த லென்ஸும் மங்கலாகத்தான் தெரியும். கிரேன் கம்பி கூர்மையாகும் இடத்தில் வளையம் எங்கே நிற்கிறது? இன்ஃபினிட்டிக் குறிக்கு முன்னாலேயே நின்றால் அடாப்டர் குட்டை. ஒரே லென்ஸை நம்பாதீர்கள், யாராவது பிரித்துப் பூட்டியதாகக்கூட இருக்கலாம். இரண்டு லென்ஸும் ஒரே பக்கம் பிசகினால்தான் குற்றம் அடாப்டர் மேல்.

25–50 எம்எம் மைக்ரோமீட்டர் கிடைத்தால் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். சாதாரண வெர்னியர் இதற்குப் போதாது. நான்கும் ஒன்றுபோல் குறைந்தால் சரிசெய்யலாம். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அது சாய்வு. படத்தின் ஒரு ஓரம் எப்போதும் மங்கும். முதலில் திருகுகளை இறுக்கிப் பாருங்கள்.

பல அடாப்டர்களில் கேமரா பக்கத்துத் தகடு சின்னத் திருகுகளால் பூட்டியிருக்கும். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, அந்தத் தகட்டின் வடிவத்திலேயே சமையலறை அலுமினியத் தாளை வெட்டி நடுவே வைத்துப் பூட்டுங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.015 முதல் 0.02 எம்எம். 0.1க்கு ஐந்தாறு தாள் வரும். மடிப்போ சுருக்கமோ விழுந்தால் அளவு கெட்டுவிடும். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பிரித்ததோடு உள்சுவரையும் பார்த்துவிடுங்கள். பளபளவென்று இருந்தால் கற்பூர ஆரத்திச் சுடர் அதில் பட்டுப் படம் முழுக்க வெளிறிப்போகும். கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாளை ஒரு சுற்று ஒட்டினால் போதும்.

ஆயர் ஈத்தாம்
லோரோங் குலிட் பழைய பொருள் சந்தையில் லென்ஸ் தேடுகிறவர்களுக்கு. அப்பெர்ச்சரை (ஒளித்துளையை) முழுக்கத் திறந்து, கைப்பேசி டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். நூல் நூலாகக் கிளைவிட்டுப் படர்ந்தால் பூஞ்சை. சீரான பனிமூட்டம் மாதிரி இருந்தால் ஆவிப்படலம், துடைத்தால் பெரும்பாலும் போகும். ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறைபோல் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்பெர்ச்சர் இலைகளில் எண்ணெய் மினுக்கினால் லென்ஸின் பின்பக்க ஊசியைத் தட்டிப் பாருங்கள், சட்டென்று மூடவேண்டும்.

சூப்பர் டக்குமார் 50 எம்எம் எஃப் 1.4ன் ஏழு கண்ணாடி வகை தேநீர் நிறத்தில் இருந்தால் பயப்படவேண்டாம். தோரியம் கலந்த கண்ணாடி, காலத்தால் மஞ்சளாகிறது. புற ஊதா விளக்கடியில் சில நாள் வைத்தால் தெளியும். நம்ம ஊர் வெயிலும் வேலை செய்யும். ஆனால் ஒளி குவிந்து தீப்பிடிக்கும், பின்பக்கம் அலுமினியத் தாள் சுற்றாமல் சன்னலில் வைக்காதீர்கள்.

டி மவுன்ட் லென்ஸும் 42 எம்எம் மரைதான், ஆனால் மரையின் இடைவெளி 0.75 எம்எம். எம்42க்கு 1. அரைச்சுற்று ஏறி இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் போட்டால் மரை போய்விடும்.

பட்டர்வொர்த்
கேமரா அமைப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. சோனியில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’, ஃபூஜியில் ‘ஷூட் வித்தவுட் லென்ஸ்’ என்பதைத் திறந்துவைக்காவிட்டால் ஷட்டர் விழாது. உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால் லென்ஸின் குவிய நீளத்தை நாமே எழுதவேண்டும். ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) என்று 1.5ஆல் பெருக்காமல் லென்ஸில் பொறித்திருப்பதை அப்படியே. 28ஐப் பூட்டிவிட்டு 135 என்று விட்டால் தடுப்பே படத்தை ஆட்டும்.

எஃப் 1.4ல் 1/1000க்கு மேல் போகும்போது ஷட்டரின் எலக்ட்ரானிக் முன்திரையை அணைத்துவிடுங்கள். பின்னணி ஒளிவட்டங்கள் பாதி வெட்டுப்பட்டு வருவது அதனால்தான். ரதத்தின் எல்இடி விளக்குகளுக்குச் சத்தமில்லாத ஷட்டர் ஆகாது, பட்டை பட்டையாக விழும். நமக்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 பெரும்பாலும் தப்பிக்கும்.

பிரை
நன்றி அண்ணே. இன்னொரு சந்தேகம்: கேனான் எஃப்டி லென்ஸில் அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பினாலும் வெளிச்சம் மாறவே மாட்டேன் என்கிறது.

ஜெலுத்தோங்
அடாப்டர் வளையம் ‘ஓப்பன்’ பக்கம் நிற்கிறது. ஓப்பனில் வைத்துப் பூட்டி, பிறகு ‘லாக்’ பக்கம் திருப்புங்கள். அப்பெர்ச்சர் வளையம் ‘ஏ’யில் இருக்கக்கூடாது. அப்புறம், வீதியில் சிதறு தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். இந்த அடாப்டர்களில் ரப்பர் வளையம் கிடையாது, தேங்காய்த் தண்ணீர் உள்ளே இறங்கினால் பிசுபிசுப்பு ஃபோகஸ் மரை வரை போகும். தண்ணீர்மலைக் கோவிலிலிருந்து வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் பெட்டிக்குள் வையுங்கள். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் அடுத்த தைப்பூசத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.