நேர் மாறலும் ஆதிப்புள்ளியும்: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் இயற்கணிதம் கற்பிக்கிறேன். ஓர் அளவு கூடும்போது மற்றதும் கூடினால் அது நேர் மாறல் என்றே பலரும் எழுதுகிறார்கள். இரண்டின் விகிதம் எப்போதும் ஒரே மாறிலியாக இருக்க வேண்டும் என்பது மனத்தில் பதிவதில்லை.

இதற்காகச் சுருள்வில்லை எடுத்துக்கொண்டேன். 10 செ.மீ. நீளமுள்ள ஒரு வில், 1 கிலோ எடைக்கு 12 செ.மீ., 2 கிலோவுக்கு 14 செ.மீ. என நீண்டால், நீட்சி எடைக்கு நேர் மாறலில் இருக்கிறது. மொத்த நீளமோ, வரைபடத்தில் நேர்கோடாக அமைந்தாலும், அக்கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியாகச் செல்லாததால் நேர் மாறலில் இல்லை. இது எளிதில் புரிந்துவிடுகிறது.

வாயுவில்தான் சிக்கல். அழுத்தம் மாறாதபோது அதன் கனஅளவு செல்சியஸ் வெப்பநிலைக்கு நேர் மாறலில் இல்லை, 273.15 கூட்டிக் கெல்வின் என்னும் வெப்பநிலை அளவுக்கு மாற்றினால் நேர் மாறலாகிறது. “சுழியை நகர்த்தினால் தொடர்பே மாறிவிடுமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி, அவசரப்பட்டு விடை சொல்லிவிடக் கூடாதது. கெல்வினின் சுழி நம் வசதிக்காக வைத்துக்கொண்டது அன்று என்பதை, இயற்பியல் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்கலாம்? வகுப்பில் நீங்கள் செய்து பார்த்த செயல்பாடோ, பயன்படுத்திய அட்டவணையோ இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.