தாய்லாந்தில் எட்டு நாள்: பணத்தை எப்படிக் கொண்டுபோனால் செலவு குறையும்?

பாளையங்கோட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் நானும் என் மனைவியும் மகளும் மருமகனுமாக நான்கு பேர் எட்டு நாள் பயணமாகத் தாய்லாந்து செல்கிறோம். பாங்காக்கில் நான்கு நாள், அயுத்தயாவில் ஒரு நாள், சியாங் மாயில் மூன்று நாள் என்று திட்டம். விமானச் சீட்டுக்கும் விடுதி அறைகளுக்கும் இங்கிருந்தே பணம் கட்டியாயிற்று. சாப்பாடு, போக்குவரத்து, நுழைவுச் சீட்டு, கொஞ்சம் துணிமணி ஆகியவற்றுக்காக 1,20,000 ரூபாய் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பணத்தை எந்த வடிவில் கொண்டுபோவது என்பதில்தான் குழப்பம். எங்கள் ஊரில் உள்ள நாணயமாற்றுக் கடைக்காரர் முழுவதையும் தாய்லாந்து பாட்டாகவே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். ஆனால் கைபேசியில் காட்டும் விலையைவிட ஒரு பாட்டுக்கு 25 காசு கூடுதலாகக் கேட்கிறார். வங்கியில் விசாரித்தால், வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரக்ஸ் கார்டு என்கிறார்கள். மருமகன் கிரெடிட் கார்டே போதும் என்கிறார். பக்கத்து வீட்டு நண்பரோ டெபிட் கார்டைக் கொண்டுபோய் அங்குள்ள ஏடிஎம்மில் அவ்வப்போது எடுத்துக்கொள்ளலாம், கையில் பணம் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம் என்கிறார். முப்பது ஆண்டுகள் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவன் நான். ஓய்வூதியத்தில் சேர்த்த பணம் என்பதால், எந்த வழியில் எவ்வளவு கழியும் என்பதைத் தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைக்கோட்டைக் கணக்கர் எழுதியது:

ஐயா, வணக்கம். கமிஷன், மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மாற்று விலையின் மேல் வைக்கும் கூடுதல்), ஏடிஎம் கட்டணம், ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒப்பிடத் தொடங்கினால் எந்த வழியும் மலிவாகத் தெரியும், எந்த வழியும் கொள்ளையாகவும் தெரியும். நீங்கள் கணக்கு எழுதியவர் என்பதால் நேராகவே சொல்கிறேன்: எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு வந்து சேர்ந்த ஒரு பாட்டுக்கு மொத்தம் எத்தனை ரூபாய் அடக்கம் ஆயிற்று என்பதை மட்டும் பாருங்கள்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு பாட்டின் சந்தை விலை 2.70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு நண்பர் சொன்னபடி, சாதாரண டெபிட் கார்டால் 2,000 பாட் எடுக்கிறீர்கள். வெளிநாட்டு அட்டைக்குத் தாய்லாந்து ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் பங்குக்கு ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும். அது 220 பாட் என்று கொள்வோம். ஆக உங்கள் கணக்கில் பற்று வைக்கப்படுவது 2,220 பாட், அதாவது 5,994 ரூபாய். அதன் மேல் நம் வங்கி 3.5 சதவீத மார்க்கப் போடுகிறது என்றால் 210 ரூபாய், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 38 ரூபாய். வெளிநாட்டில் பணம் எடுத்ததற்கான கட்டணம் 150 ரூபாய் என்று கொண்டால் வரியோடு 177 ரூபாய். மொத்தம் 6,419 ரூபாய் போயிற்று, கையில் இருப்பது 2,000 பாட். ஒரு பாட்டின் அடக்கம் 3.21 ரூபாய்! உங்கள் ஊர்க் கடைக்காரர் கேட்கும் 2.95 ரூபாயே இதைவிட மலிவு.

அதே கார்டில் ஒரே முறையாக 20,000 பாட் எடுத்தால் அடக்கம் 2.85 ரூபாயாக இறங்கிவிடும். கட்டணங்களில் சில, எவ்வளவு எடுத்தாலும் மாறாதவை என்பதே காரணம். மார்க்கப்பும் எடுப்புக் கட்டணமும் இல்லாத கார்டு இருந்தால், அங்குள்ள 220 பாட்டை மட்டும் கொடுத்து ஏறத்தாழ 2.73 ரூபாயில் முடித்துவிடலாம். அப்படிப்பட்ட கார்டுகளைச் சில வங்கிகள் இப்போது தருகின்றன. ஆகவே "அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம்" என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள்.

ஃபாரக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, அதில் எந்த நாணயத்தை ஏற்றுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பலரும் டாலரை ஏற்றிக்கொண்டு தாய்லாந்தில் தேய்க்கிறார்கள். டாலரிலிருந்து பாட்டுக்கு மாற்றும்போது பல கார்டுகள் 3 சதவீதத்துக்கு மேல் பிடிக்கின்றன. நேரடியாகப் பாட் ஏற்ற முடியுமா, ஏற்றுகிற விலை என்ன, மிச்சத்தைத் திருப்பி எடுக்க என்ன பிடிப்பார்கள் என்ற மூன்றையும் வங்கியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கார்டாக இருந்தாலும் அங்குள்ள ஏடிஎம் தன் கட்டணத்தை விடாது.

கிரெடிட் கார்டைக் கடையில் தேய்க்கலாம், மார்க்கப் 3.5 சதவீதமானால் வரியோடு 4.13 சதவீதம் ஆகும். ஆனால் அதைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் மட்டும் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும், முன்பணக் கட்டணம் தனி. மருமகனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைவாசி எழுதியது:

தம்பி, மிக்க நன்றி. 3.21 என்ற எண்ணைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். தாளில் நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். ரூபாயை டாலராக்கி, அங்கே போய் டாலரைப் பாட்டாக்கினால் இரண்டு முறை நட்டம் ஆகாதா? வரி பிடித்துக்கொள்வார்கள் என்றும் ஒருவர் பயமுறுத்தினார், அது உண்மையா?

வைகைக்கரையாள் எழுதியது:

ஐயா, டாலர் பற்றி அனுபவமுள்ள வேறு யாராவது சொல்வார்கள். நான் பட்டதை மட்டும் எழுதுகிறேன், நீங்களும் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

சென்ற ஆண்டு குழந்தைகளோடு போயிருந்தபோது, ஒரு விடுதியில் அறைக்கு முன்வைப்பாக 3,000 பாட் கேட்டார்கள். டெபிட் கார்டை நீட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் இயந்திரத்தில் எதையோ அழுத்திவிட்டு, ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார். தொகை ரூபாயில் இருந்தது. நம் ஊர்ப் பணத்திலேயே காட்டுகிறார்களே என்று மகிழ்ந்து கையெழுத்திட்டேன். அறைக்குப் போய்க் கணக்குப் பார்த்தால் ஒரு பாட்டுக்கு 2.90 வரை போட்டிருந்தார்கள். விடுதியைக் காலி செய்த பிறகு அந்த முன்வைப்பு எங்கள் கணக்குக்குத் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. வேறொரு விலையில் மாற்றப்பட்டு, கட்டியதைவிடக் குறைவாகவே வந்தது. செலவே செய்யாத பணத்துக்கு நட்டம் கொடுத்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அட்டை இயந்திரமோ ஏடிஎம் திரையோ "ரூபாயிலா, பாட்டிலா?" என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் பாட் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மில் இது கொஞ்சம் மிரட்டுவதுபோல் வரும். பெரிய எழுத்தில் ரூபாய்த் தொகையைக் காட்டி, "மாற்றத்தை ஏற்கிறேன்", "மாற்றத்தை மறுக்கிறேன்" என்று இரண்டு பொத்தான் வைத்திருப்பார்கள். மறுத்தால் பணமே வராதோ என்று என் கணவர் தயங்கினார். மறுத்தாலும் பணம் வரும். மாற்று விலையை அந்த ஏடிஎம்முக்குப் பதிலாக உங்கள் கார்டு நிறுவனம் போடும், அவ்வளவுதான். விடுதி முன்வைப்பைக் கையிலுள்ள பாட்டாகவே கொடுத்துவிட்டால், கிளம்பும்போது அதே நோட்டுகள் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று: நம் கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு இயல்பாகத் திறந்திருப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி நாமே வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் குறிக்க வேண்டும். ஊரிலேயே செய்துவிடுங்கள். சில ஏடிஎம்களில் பணம் முதலில் வந்து, கார்டு பிறகுதான் வெளியே வரும். நோட்டை எண்ணிக்கொண்டே நகர்ந்துவிட வேண்டாம்.

கடலோடி எழுதியது:

ஐயா, கப்பல் வேலையில் இருந்ததால் பாங்காக்கில் பலமுறை டாலர் மாற்றியிருக்கிறேன். உங்கள் முதல் ஐயம் நியாயமானது, ஆனால் இங்கே விடை தலைகீழ். இந்தியாவில் டாலருக்கு வாங்குவோரும் விற்போரும் ஏராளம், அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவு. பாட் இங்கே அரிதாகப் புழங்குவது. கடைக்காரர் அதை நாள்கணக்கில் கையில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் அந்தச் சுமையை உங்கள் மேல் ஏற்றுகிறார். பாங்காக்கில் டாலருக்குக் கடும் போட்டி. சந்தை விலையைவிட ஒரு சதவீதம் கூடுதலாக இங்கே டாலர் வாங்கி, அங்கே மாற்றும்போது அரை சதவீதம் இழந்தாலும், ஜிஎஸ்டி உட்பட ஒரு பாட் ஏறத்தாழ 2.75 ரூபாயில் அடங்கிவிடும். இரண்டு முறை மாற்றினாலும் உங்கள் ஊர் விலையைவிட 20 காசு மிச்சம். இந்த ஜிஎஸ்டி ஒரு லட்சம் ரூபாய் வரையான மாற்றத்துக்கு 0.18 சதவீதம், குறைந்தபட்சம் 45 ரூபாய். ஆகவே வாங்குவதை ஒரே தடவையாக வாங்குங்கள்.

வாங்கும்போது 100 டாலர் நோட்டாகவே கேளுங்கள். பாங்காக்கில் 100, 50 டாலர் நோட்டுகளுக்கு ஒரு விலை, 20க்கும் 10க்கும் அதற்குக் கீழ் ஒரு விலை, ஒரு டாலர் நோட்டுக்கு இன்னும் கீழே ஒரு விலை என்று பலகையிலேயே தனித்தனியாக எழுதியிருக்கும். மை பட்டது, முத்திரை குத்தியது, ஓரம் கிழிந்தது எதையும் வாங்க மறுப்பார்கள். ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். மாற்றும்போது பாஸ்போர்ட்டையே கேட்பார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி வரும் இடத்தருகே உள்ள முகப்புகளில் மாற்றாமல், நகருக்குச் செல்லும் ரயில் புறப்படும் அடித்தளத்துக்கு இறங்குங்கள். அங்குள்ள சிறு நாணயமாற்றுக் கடைகளில் விலை கண்கூடாக நன்றாக இருக்கும்.

வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். பயணச் செலவுக்காக வெளிநாட்டு நாணயம் வாங்கும்போது மூலத்தில் வசூலிக்கும் வரி, 2025 ஏப்ரல் முதல் ஓர் ஆண்டில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்குத்தான். உங்கள் தொகை அதன் அருகிலேயே இல்லை. ஆனால் 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மட்டுமே ரொக்கம் கொடுத்து டாலர் வாங்கலாம். அதற்கு மேல் வங்கிக் கணக்கின் வழியாகவே கொடுக்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 500 டாலர் கையில் வைத்துக்கொள்வேன். ஒரு டாலருக்கு 32 பாட் கிடைப்பதாகக் கொண்டால் அது 16,000 பாட். மார்க்கப் இல்லாத கார்டு ஒன்றைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, பெரிய உணவகம், துணிக்கடை, பாங்காக்கின் எம்ஆர்டி ரயில் ஆகியவற்றுக்கு அதைத் தேய்ப்பேன். சிறு கடைகளில் சிலர் கார்டுக்கு 3 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள். அங்கே ரொக்கம் கொடுப்பேன். குறைந்தால் சியாங் மாயில் ஒரே ஒரு முறை ஏடிஎம்முக்குப் போவேன். தெருவோரச் சாப்பாட்டுக்கும் அயுத்தயாவின் துக்-துக் வண்டிக்கும் ரொக்கம்தான். 1,000 பாட் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். ஆகவே காலையில் கடையில் தண்ணீர் வாங்கும்போதே அதை மாற்றிக்கொள்வது என் வழக்கம். பாங்காக்கின் பெரிய அரண்மனைக்கு நுழைவுச் சீட்டு ஆளுக்கு 500 பாட், நால்வருக்கு 2,000; பெரிய நோட்டுகளை அங்கே கொடுத்துவிடலாம்.

பாளையங்கோட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருமகன் இன்றே மார்க்கப் இல்லாத கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். டாலருக்கு நாகர்கோவிலிலும் மதுரையிலும் விலை கேட்டு, அடக்கம் போட்டுப் பார்த்து வாங்குகிறேன். பாட் மிச்சமானால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

கடலோடி எழுதியது:

நோட்டுகளை இங்கே விற்றால் வாங்கிய விலையைவிட மிகக் குறைத்தே கொடுப்பார்கள், நாணயங்களை யாரும் வாங்கமாட்டார்கள். கடைசி இரண்டு நாள் கார்டை உள்ளே வைத்துவிட்டு, கையிலுள்ள பாட்டை முதலில் தீர்த்துவிடுங்கள். மாற்றாமல் எடுத்துப்போன டாலர் மிஞ்சினால் பதற வேண்டாம். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்காக வீட்டில் வைத்திருக்க விதி இடம் தருகிறது, அதற்கு மேற்பட்டதைத்தான் 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.